கடலுக்கு முன்னால் ஒரு சுவர்

ஏரியிலிருந்து கிளம்பும் எங்கள் ஆறு மூன்று மைல்தான். கடலைத் தொடப்போகும் இடத்தில் ஒரு சுவர் அதை மறித்துவிடும். அங்கே மோட்டார் தண்ணீரை இழுத்துத் திரும்ப ஏரிக்கே அனுப்பும். ஊருக்குக் குடிதண்ணீர் அதுதான். ஒரு சொட்டுகூடக் கடலுக்குப் போகக்கூடாது என்பது சட்டம்.

சுவரோரச் சல்லடையைச் சுத்தம் செய்வது என் வேலை.

இன்று மொட்டைத் தலையோடு ஒருவர் கலயம் கொண்டுவந்தார். அஸ்தியைக் கரைத்து முழுகி எழுந்தவர், "அம்மா கடல்ல சேந்துடுவாங்களாக்கா?" என்று கேட்டார்.

"சேந்துடுவாங்க தம்பி. திரும்பிப் பாக்காமப் போங்க."

அவர் போனதும் மோட்டாரை நிறுத்தினேன். விட்டால் சாம்பலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சல்லடையில் படிந்ததை வாளியில் வழித்துக்கொண்டு, சுவரின் இரும்பு ஏணியில் ஏறி, அந்தப் பக்கம் கடலில் கொட்டினேன். யாராவது பார்த்தால் வேலை போய்விடும். என்ன செய்வது, கடலில் சேரும் என்று எல்லோரிடமும் சொல்லித் தொலைக்கிறேனே.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் மகள் பூங்கோதை என் முட்டியைப் பார்த்தாள்.

"இப்படி வீங்கிக் கெடக்கு. நாளைக்கு ஒருநாள் லீவு போடேம்மா."

"மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் நான் லீவு போட்டது ஒரே நாள். இவள் அப்பாவின் அஸ்தியைக் கரைத்த அன்று. எல்லோரையும் போல நானும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அன்று மோட்டாரை நிறுத்த ஆளில்லை.

பூங்கோதை டீ போடக் குழாயைத் திறந்தாள். பாத்திரம் நிரம்பி வழிந்தது.

"சிந்தாமப் பிடிடி" என்றேன்.