அன்புமொழியின் ஆமை

அலுவலகத்திற்குள் நுழைந்ததும் அன்புமொழியின் பழைய மடிக்கணினியைப் பழித்துவிட்டுத் தன் இருக்கையில் அமர்வதே கோபிநாத்தின் வழக்கம். ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில் கணினி வேலைக்கு அவர்கள் இருவர். அடுத்த மாதம் முதல் ஒருவர் போதும் என்று முதலாளி அறிவித்த பிறகு, அந்தப் பழிப்பில் நஞ்சும் சேர்ந்தது.

“என்னம்மா, ஒன் ஆமை இன்னும் கண்ணு முழிக்கலையா? அதுக்குள்ள போட்டெல்லாம் கடலுக்குப் போயிட்டுத் திரும்பிரும்.”

“ஒங்க வேலையப் பாருங்க.”

பொறுக்க முடியாமல் அன்று அவள் விண்டோஸை அழித்துவிட்டு, குறைந்த திறனிலும் இயங்கும் லினக்ஸை நிறுவினாள். மறுநாள் படகுகளுக்கான ஐஸ் பட்டியலை அவனுக்கு முன்பே முடித்து முதலாளிக்கு அனுப்பிவிட்டாள்.

கோபிநாத்தின் முகம் கறுத்தது.

“என்ன ஏமாத்து வேலை இது? பாதி மெமரிய வச்சுக்கிட்டு இது எப்பிடி இம்புட்டு வேகமா ஓடும்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பாதி காணாமப் போனது நேத்து லினக்ஸ் போடும்போதுதான் எனக்கே தெரியும். யார்கிட்டயும் சொல்லலை. ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?”

அவன் மேசை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்துத் தன் மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றினான். அதிலிருந்து எடுத்த மெமரியை அவளுடையதில் தன் கையாலேயே பொருத்தினான். கடைசித் திருகாணியை முடுக்கியதும், முதலாளியின் அறையை நோக்கித் தானாகவே நடந்தான்.