மாற்றிவிட்ட மூச்சு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்கள் தினமும் காலையில் வீட்டிலேயே முகமூடி மாட்டி, கரியமில வாயு கலந்த காற்றை இரண்டு நிமிடம் சுவாசிக்க வேண்டும். மூளையின் இரத்தக்குழாய்கள் விரிகின்றனவா என்று முகமூடியிலுள்ள கருவி அளந்து துறைமுக டாக்டருக்கு அனுப்பும்; விரிந்தால்தான் அன்று வேலை. நேற்று அதில் எச்சரிக்கையாக மஞ்சள் விளக்கு எரிந்ததால் சவரிமுத்து பயந்துபோயிருந்தான்.

“இன்னைக்கு ஒங்களுக்குப் பதிலா நான் மாட்டுதேன்” என்று மனைவி பிலோமினா முகமூடியை வாங்கிக்கொண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே துறைமுக டாக்டர் போனில் கூப்பிட்டார்.

“சவரிமுத்து, குழாய் கொஞ்சங்கூட விரியல. எந்நேரமும் பக்கவாதம் வரலாம். அசையாம படுங்க.”

‘சொல்லாதீங்க’ என்று பிலோமினா அவன் கையை அழுத்தினாள்.

“அது என் மூச்சு இல்ல டாக்டர். என் வீட்டுக்காரியோடது.”

“ஆள் மாறினா வேலை போயிரும், தெரியும்லா?”

“தெரியும் டாக்டர். ஆம்புலன்ஸ சீக்கிரம் அனுப்புங்க.”