ஏசி கணக்கெடுக்க வந்தவர்

சரவணம்பட்டியில் நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள அந்த அபார்ட்மெண்டில் மூன்று மாதமாக ஒரே சண்டை. மொட்டை மாடியில் பெரிய இயந்திரம் ஒன்றை வைத்து எல்லா வீட்டுக்கும் குளிர்காற்றும் வெந்நீரும் தருவதா? இல்லை, அவரவர் வீட்டுக்கு அவரவர் ஏசி, அவரவர் கீசரா?

"கோயமுத்தூருக்கு எதுக்குங்க ஏசி?" என்று முதல் கூட்டத்தில் கேட்டவர்கள்கூட, ஏப்ரல் வெயில் ஆரம்பித்ததும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் உமர் பாரூக் பொது இயந்திரக் கட்சி. செயலாளர் கிருபாசங்கர் தனி ஏசிக் கட்சி. அதுவும் சும்மா இல்லை. தன் வீட்டு கரண்ட் பில்லையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'மூணு ஏசி, ஒரு கீசர். பில்லைப் பாருங்க. ஓட்டத் தெரிஞ்சு ஓட்டினா தனி ஏசிதான் லாபம்!'

முப்பது பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். சிலர் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பிவைத்தார்கள்.

கடைசியில், இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை தர ஓர் இன்ஜினியரை வரவழைப்பது என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தோளில் பையோடு ஒருவர் கிருபாசங்கர் வீட்டு மணியை அடித்தார். ஐம்பது வயதிருக்கும்.

"ஐயாசாமிங்க. ஏசி விசயமா கணக்கெடுக்கோணுங்க."

"வாங்க, வாங்க! நம்ம ஊட்டையே முதல்ல பாருங்க."

மோர் கொடுத்து, அறை அறையாகக் காட்டினார். ஐயாசாமி ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"எந்நேரம் ஏசி ஓடுமுங்க? பகல்ல ஊட்ல ஆள் இருப்பாங்களா? வெளியூர் போனா வர எத்தனை நாள் ஆகுமுங்க?"

கடைசிக் கேள்வி கிருபாசங்கருக்கு உறுத்தியது. சமையலறைக்குள் போய் உமர் பாரூக்குக்குப் போன் போட்டார்.

"இன்ஜினியர் வந்துட்டாருங்க."

"எந்த இன்ஜினியருங்க? அவரு நாளைக்கித்தான வர்றாரு?"

போன வாரம்தான் பக்கத்துத் தெருவில் பட்டப்பகலில் இருபது பவுன் களவு போயிருந்தது. கிருபாசங்கர் ஓடிவந்து பார்த்தால் ஹாலில் ஆளில்லை. படுக்கையறை பால்கனியில், ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் ஐயாசாமி.

சடாரென்று கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார் கிருபாசங்கர். "திருடன்! திருடன்!"

பத்து நிமிடத்தில் பாதி அபார்ட்மெண்ட் அங்கே கூடிவிட்டது. மூன்று மாதத்தில் முதல்முறையாக இரண்டு கட்சியும் ஒரே பக்கம் நின்றன.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், ஏசி கக்கிய அனல்காற்றில் வேர்த்துக்கொண்டு நின்றார் ஐயாசாமி.

"போலீசைக் கூப்பிடப் போறேன்!"

"கூப்பிடுங்க. ரொம்ப நல்லதுங்க."

"என்ன நெஞ்சழுத்தம் பாத்தீங்களா? பழைய திருடனாட்ட இருக்குது!" என்ற கிருபாசங்கர், தானே போலீசுக்குப் போன் செய்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் செவ்வந்தி இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். பால்கனிக் கதவைத் திறந்ததும் ஐயாசாமிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"சார், நீங்களா? மின்திருட்டுத் தடுப்புப் படைக்கு இங்க என்னங்க சார் வேலை?"

கிருபாசங்கர் மெல்ல ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தார்.

"மூணு ஏசி ஓடற ஊட்டுக்கு மூணு ஃபேன் அளவுக்குத்தான் பில்லுன்னு ஒரு போட்டோ எங்க ஆபீஸ் வரைக்கும் வந்துருச்சும்மா. பாத்தா, மீட்டருக்கே போகாம ஒரு ஒயரு சுவத்தோரமா மேல ஏறி வருது." ஐயாசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டு கிருபாசங்கரைப் பார்த்தார்.

"ஸ்டேஷனுக்கு நான்தான் போன் பண்ணோணும்னு இருந்தேன், பாவம், அந்தச் சிரமத்தையும் சாரே எடுத்துக்கிட்டாருங்க."