சம்மதம் இல்லாமல்

"இந்த அம்மா உங்க பின்கட்டுல குடியிருக்கிறது உங்க சம்மதத்தோடதானே?"

கூண்டில் நின்ற பெரியவரிடம் அவர் மகனுடைய வக்கீல் மென்மையாகக் கேட்டார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும் அவருக்கு.

"இல்லை" என்றார் பெரியவர்.

வக்கீல் கையிலிருந்த காகிதத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. போக்கிடம் இல்லாதவங்கன்னு இரக்கப்பட்டு நீங்கதானே இருக்க விட்டீங்க?"

"நான் எதுக்கு இரக்கப்படணும்? என் அச்சாபீஸ்ல பைண்டிங் வேலை பார்த்தவ. ஆபீஸை மூடின மறுநாளே பூட்டை உடைச்சுப் பின்கட்டுக்குள்ள புகுந்துட்டா. பதினாறு வருஷம் ஆச்சு. வெளியே போன்னு வாசல்ல நின்னு கத்தினேன். 'இது என் இடம், உம்மால ஆனதைப் பாரும்'னு கதவைச் சாத்தினா. தெருவே வேடிக்கை பார்த்தது."

எதிர் பெஞ்சில் இருந்த பைண்டர் அம்மாவுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஊசி பிடித்துத் தடித்துப்போன விரல்களால் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். அவளுடைய வக்கீல் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

நீதிபதி நிமிர்ந்தார். "பூட்டை உடைச்சு நுழைஞ்சவங்களைப் பதினாறு வருஷம் சும்மாவா விட்டீங்க? ஒரு நோட்டீஸ்கூட அனுப்பலையா?"

"சோம்பேறித்தனம்தான் ஐயா. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார்.

கடைசி பெஞ்சில் சட்டக் கல்லூரி மாணவிகள் இருவர் இருந்தார்கள். ஒரு வழக்கை உட்கார்ந்து பார்த்து நான்கு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது கல்லூரியின் உத்தரவு.

"என்ன மனுஷன்டி இவர்" என்றாள் உயரமானவள். "சொத்தையெல்லாம் மூணு வருஷத்துக்கு முன்னாடியே மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தாச்சு. அந்த மகன் பின்கட்டை இடிச்சுக் கார் நிறுத்தப் போறானாம். அதுக்கு இவர் சாட்சி. அது போதாதுன்னு, தன்கிட்ட வேலை பார்த்தவங்களையே பூட்டு உடைச்சவங்கன்னு சொல்றாரு. அந்த அம்மாவுக்கு வேற வீடு வாசல் கிடையாது."

கண்ணாடி போட்ட மற்றவள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. போன வாரம் சார் நடத்தினது. உடையவர் சம்மதத்தோட ஒருத்தர் இருந்தா, நூறு வருஷம் ஆனாலும் இடம் அவருக்குச் சொந்தமாகாது. எப்ப வேணாலும் எழுப்பி விடலாம். ஆனா சம்மதம் இல்லாம, ஊரறிய, இது என் இடம்னு சொல்லித் தொடர்ந்து பன்னிரண்டு வருஷம் இருந்து, உடையவரும் வழக்குப் போடாம விட்டா..."

"விட்டா?"

"உடையவருக்கு உரிமை போயிடும்."

உயரமானவள் பெரியவரைத் திரும்பிப் பார்த்தாள். மகனுடைய வக்கீல் ஏன் 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்க' என்றார் என்று இப்போது விளங்கியது.

"அடப்பாவமே. அப்போ மகன் பேருக்கு எழுதுறதுக்கு முன்னாடியே பின்கட்டு கைவிட்டுப் போயாச்சா?"

"போயாச்சு. அந்த அம்மாவை அவமானப்படுத்துற ஆசையில, தன் வாயாலேயே மகனுக்குக் குழி வெட்டிட்டாரு. சட்டம் தெரியாத கோபக்காரக் கிழவர்னு எழுதிடலாம்."

"எழுது. மனசாட்சியும் கிடையாதுன்னு சேர்த்துக்கோ."

இடைவேளைக்கு நீதிமன்றம் கலைந்தது. வராந்தாவில் மகன் அப்பாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான்.

"பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தாரேப்பா. சம்மதத்தோட இருந்தாங்கன்னு சொன்னா முடிஞ்சிருக்கும். உங்களுக்கு என்ன ஆச்சு?"

"வயசாச்சுப்பா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

மகன் ஏதோ முணுமுணுத்தபடி வக்கீலைத் தேடி ஓடினான். பெரியவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். வெயில் அவர் பாதம் வரை வந்து நின்றிருந்தது.

பைண்டர் அம்மா அங்கே வந்துவிட்டாள். அவளுடைய வக்கீல் கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்த மாணவிகள் இருவரும் குழாயடியில் அப்படியே நின்றார்கள்.

"உங்ககிட்ட இருபது வருஷம் வேலை பார்த்தேன் ஐயா. ஒரு துண்டுக் காகிதம் உங்களைக் கேட்காம எடுத்ததில்லை. நான் பூட்டு உடைச்சவளா?"

பெரியவர் தலை நிமிரவில்லை.

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னீங்களே. நான் உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? நீங்கதானே கூட்டிட்டுப் போய்க் கதவைத் திறந்துவிட்டு, 'உன் காலம் முடியிற வரைக்கும் இங்கேயே இரும்மா'ன்னு சொன்னீங்க. அன்னைக்கு அப்படிச் சொன்ன வாயா இது?"

அவள் குரல் உயர்ந்தது. எழுந்து போக இடமில்லாதவர் மாதிரி பெரியவர் இருபுறமும் பார்த்தார். மகன் போன திசையையும் நீதிபதி அறையின் கதவையும் பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தார்.

"மெதுவாப் பேசும்மா. நான் கொடுத்த இடம்னு தெரிஞ்சா, உன்னைக் காலி பண்ண வச்சிடுவாங்க."