ஓசிக் கேள்விகள்

"சும்மா காட்டுறாங்கன்னா அதுல என்ன பெருசா இருக்கப் போகுது?" என்றார் கணவர்.

"தெருவை நடந்து பாக்கக் காசு எதுக்குங்க? ஊரு என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றாள் டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் அவளுக்கு அதுதான் பெயர். பெருநகரத்தைப் பார்க்க ஆசை ஆசையாக வந்து, கோபுரத்தில் ஏறவும் படகில் போகவும் கேட்ட கட்டணத்தில் இருவரும் முழி பிதுங்கி நின்றபோது, இந்த நடைச் சுற்றுலாவைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். கட்டணம் கிடையாது. முடிவில் வழிகாட்டி குடையைக் கவிழ்த்துப் பிடிப்பார். மனசுக்குப் பட்டதைப் போடலாம். போடாமலும் போகலாம்.

சதுக்கத்தில் மஞ்சள் குடையோடு நின்றது ஒரு சின்னப் பெண்.

"எனக்கு இன்னைக்குத்தான் முதல் நாள். கொஞ்ச நாள் பாப்பாங்க. நல்லா பண்ணினாத்தான் வேலையில வச்சுப்பாங்க" என்று எடுத்த எடுப்பிலேயே உண்மையைப் போட்டு உடைத்தாள்.

டீச்சருக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. பிடிக்காமல் போனது, முண்டியடித்து முன்னால் வந்து நின்ற ஒரு ஆளை. தலையில் தொப்பி. காலில் புது ஷூ. கழுத்தில் மூடி கழற்றாத கேமரா.

"இந்தக் கட்டடம் முதல்ல தானியக் கிடங்கா இருந்துச்சு. அப்புறம்..." என்றாள் பெண். அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை. அண்ணாந்து கட்டடத்தையே பார்த்தாள்.

"மேடம், கிடங்குல எதுக்கு அவ்வளவு பெரிய கடிகாரம்?" என்றார் தொப்பிக்காரர்.

"அதைத்தான் சொல்ல வந்தேன் சார். வியாபாரிங்க சேர்ந்து வச்சது. மணி தெரிஞ்சாப் போதும், நிமிஷத்துக்கு எதுக்குத் தனியாச் செலவுன்னு பெரிய முள்ளை வேண்டாம்னுட்டாங்க. இன்னைக்கும் ஒத்தை முள்தான்."

"நம்ம வகையறாதான் போல" என்று கணவர் டீச்சரின் காதைக் கடித்தார்.

நீரூற்றுப் பக்கம் அந்தப் பெண் ஒரு வேடிக்கைக் கதை சொன்னாள். கதை முடிவதற்குள்ளேயே தொப்பிக்காரர் பெரிதாகச் சிரித்தார். மற்றவர்கள் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார்கள்.

"அந்தப் பிள்ளையைப் பேச விடறாரா பாருங்க. என் வகுப்புல இருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்" என்றாள் டீச்சர்.

"ஏத்தினா அங்கேயிருந்தும் கேப்பாரு."

ரொட்டிக் கடை முனையில் பெண் மறுபடியும் திணறினாள். குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள்.

"மேடம், இந்தப் பாலத்துக்கு ஏன் ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி?"

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள். ரொட்டிக் கடை இருந்தது. சைக்கிள் கடை இருந்தது. பாலத்தைத்தான் காணோம்.

பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "அது... வரும் சார்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று சந்துக்குள் நடந்தாள்.

சந்து முடிந்த இடத்தில், நிஜமாகவே, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி வைத்த பாலம் நின்றது.

"கீழே படகுல மூட்டை இறக்க வசதியா இருக்கணும்னு இந்தப் பக்கத்தை விட்டுட்டாங்க" என்று தொடங்கியவள் அதன்பின் எங்கும் தடுமாறவில்லை. ஆறு, பழைய ஆலைகள், கரையோரத்து மரங்கள், தூரத்தில் அந்தக் கோபுரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். "கோபுரத்துல ஏறினா ஊரு தெரியும். ஆனா கோபுரம் தெரியாது. இங்கே நின்னா ரெண்டும் தெரியும். டிக்கெட்டும் வேண்டாம். இது எங்க ஊரு" என்று முடித்தாள்.

கூட்டம் கை தட்டியது. கணவர் எல்லோருக்கும் பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். 'நான் தேடிப் பிடித்த சுற்றுலாவாக்கும்' என்று டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

குடை கவிழ்ந்தது. ஆளாளுக்குப் போட்டார்கள். தொப்பிக்காரர் மட்டும் கையைப் பையிலிருந்து எடுக்காமல் நழுவி, பாலத்துக்கு அந்தப்புறம் போய் நின்றுகொண்டார்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. நேரே போனாள்.

"சார், காசு போடறதும் போடாததும் உங்க இஷ்டம். ஆனா முதல் நாள் வேலைக்கு வந்த பிள்ளை. இப்படியா குறுக்கே குறுக்கே கேப்பீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேனாம்மா?"

"பின்னே?"

"ஆனா நல்லாச் சொன்னா இல்ல?"

"நீங்க பண்ணின கூத்தையும் மீறி நல்லாத்தான் சொன்னா."

அந்த ஆளுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. திட்டு வாங்கி இப்படி மகிழ்ந்த மனிதரை டீச்சர் பார்த்ததே இல்லை.

அதற்குள் குடையை மடக்கியபடி பெண் ஓடி வந்தாள். "என்னப்பா நீங்க? பாலமே இன்னும் வரலை, அதுக்குள்ள கேட்டுட்டீங்க. மானம் போச்சு."

"என்னம்மா பண்றது? ஒரு மாசமா சமையலறையில நின்னு நீ சொல்லிப் பாக்கிறப்ப கேட்டது. எதுக்கப்புறம் எதுன்னு குழம்பிடுச்சு. நீ முழிச்சதும் வாயில வந்ததைக் கேட்டுட்டேன்."

அப்போதுதான் பெண் டீச்சரைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆபீஸ்ல சொல்லிடாதீங்கக்கா."

டீச்சர் சரியென்று தலையாட்டினாள். பின்னாலேயே வந்திருந்த கணவர் கேட்டார்: "அது சரி சார், பெத்த பொண்ணு பிடிச்ச குடையில நீங்க ஒண்ணும் போடலையே?"

"அவ முதல் சம்பாத்தியம் சார். அதுல என் காசு ஒண்ணு விழுந்தாக்கூட, மொத்தமும் நானே சம்பாதிச்சேன்னு வீட்டுல வந்து அவ சொல்லிக்க முடியாதே."