மகாராஜன் சாம்பிள் பார்க்கிறார்

வீடியோவின் தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தார் மகாராஜன்.

அவருக்குத் தெரிந்த வழி அதுதான். ஹார்பரில் வந்து இறங்கும் பர்மா உளுந்தையும் அப்படித்தான் பார்ப்பார். மூட்டையின் மேலே, நடுவில், அடியில் என்று குத்தூசியைச் செருகி எடுத்து, உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்துவிட்டு விலை சொல்வார். தூத்துக்குடி மார்க்கெட்டில் அவர் வேண்டாமென்று ஒதுக்கிய சரக்கை அடுத்த கடைக்காரரும் யோசித்துத்தான் வாங்குவார்.

இன்று பார்ப்பது மகள் ஜெயபிரியா தினமும் பார்க்கும் கேம் வீடியோ. ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்க்கலாமா, கூடாதா என்று அவர் சொல்லியாக வேண்டும்.

பார்க்காமலேயே கூடாது என்று சொன்னதில்தான் வீட்டில் சண்டை.

"ஞாயித்துக்கெழம கடையை அடைச்சிட்டு வந்து உக்காந்து பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா நானே போனைப் பூட்டி வைக்கேன்" என்று மனைவி செல்வராணி ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

எனவே சாப்பிட்ட கையோடு பாயில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஜெயபிரியா, நகத்தைக் கடித்துக்கொண்டு.

விளையாடுகிறவன் யாரோ காலிப்பயலாக இருப்பான் என்று நினைத்திருந்தார். பார்த்தால் ஒரு பெண். பேபி அக்கா என்றாள் மகள். ஒரு தீவில் எல்லோரும் ஓடினார்கள், ஒளிந்தார்கள், சுட்டார்கள். ரத்தம் எதுவும் இல்லை. சுடப்பட்டு விழுந்தபோதெல்லாம் பேபி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பக்கத்துக் கடை செல்வதுரை முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். வாயில் கெட்ட வார்த்தை வருகிறதா, பணம் கட்டச் சொல்கிறார்களா, பிள்ளைகளைத் தனியாகப் பேசக் கூப்பிடுகிறார்களா. இன்னொரு வீடியோவையும் அதேபோல மூன்று இடத்தில் பார்த்தார். அதில் பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் தன் போன் நம்பரைத் தட்டி அனுப்ப, பேபி அதட்டி அழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குறை எதுவும் அகப்படவில்லை. முடிவை முன்பே எடுத்துவிட்ட மனிதருக்கு நல்ல சரக்கு வந்து வாய்த்தால் எரிச்சல்தான் வரும். மகாராஜனுக்கும் வந்தது.

சரி, வீடியோ நல்லதாகவே இருக்கட்டும். இவள் போனை மூக்கில் ஒட்டிக்கொண்டு பார்க்கிறாளே, அது ஒன்று போதாதா? சோறு, படிப்பு எல்லாம் மறந்து அதற்குள்ளேயே விழுந்து கிடக்கிறாள். கண் அவிந்துபோகும் என்று அவரும் கத்தாத நாளில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"இப்ப லைவ் வரும்ப்பா" என்றாள் ஜெயபிரியா. பழக்கத்தில் 'வந்துட்டேன் அக்கா' என்று தட்டி அனுப்பியும்விட்டாள். பிறகுதான் அப்பாவும் அதைப் பார்த்துவிட்டது உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லைவ் ஓடத் தொடங்கியது. மகாராஜன் விரலால் முன்னே தள்ளினார். நகரவில்லை. மறுபடியும் தள்ளினார்.

லைவைத் தள்ள முடியாதாம். நடக்க நடக்கத்தான் பார்க்க வேண்டுமாம். வேறு வழியில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பேபி தீவில் ஓடிக்கொண்டே, பார்க்க வந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விசாரித்தாள். பிறகு, "தூத்துக்குடிப் பாப்பா வந்தாச்சா? உனக்காகத்தான் மேப்புல எழுத்தைப் பெருசாக்கியிருக்கேன். இப்பத் தெரியுதாடா?" என்றாள்.

ஜெயபிரியாவின் விரல் சத்தத்தைக் குறைக்கப் போனது. மகாராஜன் அந்த விரலை மெல்ல விலக்கினார்.

"இருக்கட்டும்ளா. என்ன சொல்லுதான்னு கேப்போம்."

"கிளாஸ்ல போர்டு தெரியலன்னு சொன்னியே, வீட்ல சொல்லிட்டியா இல்லையா? அப்பா போனைப் பிடுங்கிருவாருன்னு பயந்துக்கிட்டு, பக்கத்துல இருக்கிறவ நோட்டைப் பாத்தே எத்தனை நாள் எழுதுவ? பிடுங்கினா பிடுங்கட்டும்டா. என் வீடியோ எங்கயும் ஓடிராது. கண்ணுதான் முக்கியம். இன்னைக்கே சொல்லிடு, என்ன?"

அதற்குள் யாரோ அவளைச் சுட்டுவிட்டார்கள். வழக்கம்போலச் சிரித்தாள்.

மகாராஜனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. முகம் பார்த்துப் பேசியிராத ஒருத்தி, அவர் வீட்டு விஷயத்தை ஊரே கேட்கப் பேசுகிறாள். ஆனால் வந்த வேகத்திலேயே அது வடிந்தும் போனது. போனைப் பிடுங்கிவிடுவார் என்று அவள் சொன்ன அந்த அப்பா அவர்தான். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

போனை மூக்கில் ஒட்டி வைத்தது ஆசையால் அல்ல. தள்ளி வைத்தால் பிள்ளைக்குத் தெரியவில்லை.

மூட்டை உளுந்துக்குள் கிடக்கும் ஒற்றை வண்டு அவர் கண்ணுக்குத் தப்பாது. தினமும் கண்ணெதிரில் நடந்த இது தப்பிவிட்டது. பார்த்து என்ன, கத்தத்தானே செய்தார். எங்கோ இருக்கும் ஒருத்தி கேட்டறிந்து எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறாள். மகாராஜனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, பிள்ளை இத்தனை நாள் அதைத் தனியாக வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறாள் என்பதுதான் அதிகம் உறுத்தியது.

நாளைக்கே கண் டாக்டரிடம் போவோம் என்று சொல்ல நினைத்தார்.

மகள் பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனிந்திருந்தாள். அந்த முகத்தை நிமிர்த்தத்தான் கையை நீட்டினார்.

ஜெயபிரியா போனை ஆஃப் செய்தாள். சட்டை ஓரத்தில் ஒருமுறை அதைத் துடைத்தாள்.

"இந்தாங்கப்பா" என்று, நீட்டிய அந்தக் கையில் வைத்தாள்.