கருகாத எண்ணெய்

"ரெண்டாவது மோட்டார்டா! லிமுரு ஏத்தத்துல பதினாலு பேரோட புகைஞ்சு நின்னதை இழுத்துட்டு வந்திருக்கு!" முதலாளி கதோகோ போட்ட சத்தத்தில் கரியோபாங்கி பட்டறைத் தகரம் அதிர்ந்தது. அந்தக் கோபத்திலும் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவல் தவறாமல் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

மெக்கானிக் மகோக்கா பல்லைக் கடித்தான். ஊருக்குள் ஆளேற்றி ஓடும் டீசல் மட்டாட்டு வேன்களை மின்சார வண்டிகளாக மாற்றுவது அவன் வேலை. மோட்டார் சூட்டைத் தணிக்க வெளியே ஓடும் தண்ணீர் போதாது, மின்சாரம் கடத்தாத எண்ணெயை மோட்டாருக்குள்ளேயே ஓடவிடலாம் என்று கெஞ்சி வரவழைத்தவனும் அவன்தான்.

"நேத்து நான் ஊத்தினப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு முதலாளி."

"எண்ணெயைப் பத்தி நீ பேசாதே! எதிர்க்கடை கெருபோவைப் பாரு. ரெண்டு வாரமா சட்டி கொதிக்குது. கருகுதா, புகையுதா? அவகிட்ட போய்க் கத்துக்கோ!"

புகழ்ந்தால் நாலு தெருவுக்குக் கேட்கச் சிரிப்பவள் கெருபோ. அன்று என்னவோ தலைநிமிராமல் கிழங்கு அரிந்தாள்.

மகோக்கா மோட்டாரின் அடித்திருகைக் கழற்றினான். தட்டில் கன்னங்கரேலென்று ஒழுகியது. நடுவே கருகிய கிழங்குத் துண்டு ஒன்று மிதந்தது.

"அடப்பாவி! நல்ல எண்ணெயை வித்துட்டு, எச்சில் எண்ணெயை ஊத்தினியா?"

"உழைக்கிறவனைத் திருடன்னு சொல்றீங்களா?" மகோக்கா ஸ்பேனரைத் தரையில் ஓங்கி அடித்தான்.

"போலீஸ்ல சொல்லு! டேய் கிப்டானுய், நீதான் சாட்சி. வா, ரெண்டு வாய் தின்னுட்டுக் கிளம்பலாம்."

பட்டறையின் ராத்திரிக் காவல்காரன் கிப்டானுய் இரண்டடி பின்வாங்கினான். கெருபோ காசில்லாமல் நீட்டினாலும் வறுவலைத் தொடாத ஒரே ஆள் அந்தத் தெருவில் அவன்தான்.

"வேணாம் முதலாளி."

"அப்போ நானே தின்னுக்கறேன்!" மிச்சத்தை மொத்தமாக அள்ளினார் கதோகோ.

"ஐயோ, தின்னாதீங்க!" கிப்டானுய் அலறினான். "ரெண்டு தடவையும் ராத்திரி நான்தான் மாத்தினேன். வண்டி எண்ணெய் அவ சட்டியில இருக்கு!"

மகோக்காவின் வேலை தப்பியது. முதலாளியின் வயிறு மூன்று நாள் தப்பவில்லை.

கெருபோவும் கிப்டானுயும் அந்த வாரமே ஊரைவிட்டுப் போய், கல்யாணமும் செய்துகொண்டு, இப்போது கெரிச்சோவில் வறுவல் கடை வைத்திருக்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனவர்கள், "இப்பவாவது பொண்டாட்டி வறுத்ததைத் தின்கிறியா?" என்று கேட்டார்களாம்.

"எனக்கு உகாலிக் களியே போதும்ணே."